எங்கள் ஒழுங்கையை நான் கூறிய நாள்

எனக்கு வாய் பெரிது. அதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை, அந்த வாயால்தான் இருபத்தாறு வருடமாகக் கஞ்சி குடிக்கிறேன். கரைக்கு வருகிற மீனைக் குவித்துவைத்து, கேட்கிறவர்களை உசுப்பேற்றி ஏலத்தில் விலை முடித்துக் கொடுக்கிற கூறியான் நான். அருட்பிரகாசம் என்று கேட்டால் கடற்கரையில் யாரும் காட்டிவிடுவார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை பிரதேச சபை மண்டபத்தில் நான் ஏலம் கூறியது மீனை அல்ல. வீடுகளுக்குப் போகிற எங்கள் மணல் பாதையை, எங்கள் ஒழுங்கையை!

விஷயம் இதுதான். இந்த வருடம் ஒரே ஓர் ஒழுங்கைக்குத்தான் சபையால் கொங்கிறீற் போட முடியும். கல்லும் சீமெந்தும் சபை தரும், உடம்பு உழைப்பைச் சனம் தரவேண்டும். மிஞ்சி நின்றவை இரண்டு. ஒன்று எங்கள் அந்தோனியார் கோவிலடி ஒழுங்கை. மற்றது உள்ளே வெங்காயத் தோட்டக்காரரின் வைரவர் கோவிலடி ஒழுங்கை. எந்தப் பக்கத்துச் சனம் கூடுதலான வேலைநாள் தரப் பொறுப்பெடுக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே வேலை என்று சபை அறிவித்திருந்தது.

தோட்டக்காரருக்கு மாரியில் உழவு மெஷின் புதைகிறது. எனக்கு என் மகள். ஜெசிதாவுக்கு இருபத்தொரு வயது, சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். எங்கள் ஒழுங்கை மணலில் அது நாலு முழம்கூட உருளாது. மெயின் ரோட்டுவரை அவளை முதுகில் சுமந்துதான் கொண்டுபோவேன். போன மாதம் பண்டத்தரிப்பில் ஓர் அச்சகத்தில் அவளுக்குக் கணினி வேலை கிடைத்தது. ஜனவரியில் வரச் சொன்னார்கள்.

"வேலைக்குப் போறதெண்டால் நானே உருட்டிக்கொண்டு போவன் அப்பா. உங்கடை முதுகிலை ஏறிப் போகமாட்டன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ரோட்டு இல்லையென்றால் வேலை இல்லை! பிடிவாதம் என்னுடைய இரத்தம், யாரைப் போய்க் குறை சொல்வது?

மண்டபத்தில் எள் போட இடமில்லை. கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கரண்ட் போய் மைக் செத்தது. சபைச் செயலாளர் உதயகலா மிஸ் தொண்டை கிழியக் கத்தியும் மூன்றாம் வரிசைக்குக் கேட்கவில்லை. அப்போது தோட்டக்காரரின் தலைவர் கதிரவேலர் எழும்பினார். கிழமைக்கு இரண்டு தரம் என்னிடம் மீன் எடுக்கிற மனிதர்.

"அருட்பிரகாசம் கூறட்டும் மிஸ். உவன்ரை வாய்க்கு மைக் தேவையில்லை."

"ஐயோ அண்ணை, நான் அந்த ஒழுங்கைக்காரன். பிறகு கள்ளம் விட்டுட்டான் எண்டு கதை வரும்."

"உனக்குக் கள்ளம் விடத் தெரிஞ்சிருந்தால் இவ்வளவுக்கு மாடிவீடு கட்டியிருப்பாய். ஏறடா மேடையிலை!"

சனம் கொல்லென்று சிரித்தது. ஏறினேன். ஏறிய பிறகுதான் ஒன்று நினைவு வந்தது. கூறுகிறவன் தான் கேட்கக்கூடாது, அது கடற்கரை வழக்கம். என் பிள்ளையின் ஒழுங்கைக்கு நான் ஒருநாள்கூடக் கொடுக்க முடியாது. இனி என்ன, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"வைரவர் கோவிலடி நாப்பது வேலைநாள்! நாப்பதுக்கு மேலை ஆர்? என்ன, எல்லாரும் காலமை சாப்பிடேல்லையோ?"

எங்கள் கரையில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் தாடையை ஒருதரம் உயர்த்துவார்கள். அப்படியென்றால் கடைசியாய்க் கூறியதற்கு மேலே பத்து. மண்டபத்திலும் எங்கள் ஆட்கள் அப்படியே செய்தார்கள். தோட்டக்காரர் கையைத் தூக்கிக் கத்தினார்கள். கனிசியஸ் சம்மாட்டி தன் வள்ளத்து ஆட்களுக்காகத் தாடையைத் தூக்கினான், ஐம்பது. அங்கே ஒரு கத்தல், அறுபது. எழுபது, எண்பது, நூறு! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படிச் சனம் உழைப்பைக் கொடுக்கப் போட்டி போடுவதை என் பிறப்பில் நான் பார்த்ததில்லை.

நூற்றி முப்பதில் தோட்டக்காரர் முன்னுக்கு நின்றார்கள். எங்கள் பக்கத்தில் நூற்றி இருபதோடு எல்லா வள்ளமும் கொடுத்து முடிந்துவிட்டது. திடீரென்று முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஜெசிதா, இருபது நாள்!"

"நீ கல்லுச் சுமப்பியோ பிள்ளை?" என்று யாரோ கேட்டார்கள்.

"தேத்தண்ணி ஊத்துவன், வாற ஆக்களின்ரை பேர் பதிவன். அது வேலை இல்லையோ? எழுதுங்கோ மிஸ்!"

மிஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். நூற்றி நாற்பது, அந்தோனியார் கோவிலடி! மண்டபம் அதிர்ந்தது.

"ஒருதரம்! ரெண்டுதரம்!" மூன்று என்று வாயெடுக்கிறேன், கதிரவேலரின் தாடை உயர்ந்தது.

நான் மட்டும்தான் கண்டேன். காணாததுபோல் விட்டிருக்கலாம், ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. மாதாவே, அந்த ஒரு நொடியில் எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்று நீதான் அறிவாய். ஆனால் கண்டதைக் கூறாவிட்டால் நான் என்ன கூறியான்?

"நூற்றி அம்பது, வைரவர் கோவிலடி!"

எங்கள் பக்கத்தைப் பார்த்தேன். கனிசியஸ் இரண்டு கையையும் விரித்தான். ஜெசிதா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒருதரம். ரெண்டுதரம். மூன்றையும் சொல்லி முடித்தேன்.

"பொறு, பொறு! ஆர் நூற்றி அம்பது கேட்டது?" என்று எழும்பினார் கதிரவேலர்.

"நீங்கள்தானே அண்ணை! தாடையைத் தூக்கினியளே!"

"அட விசரா! இனி எங்களிட்டை ஆள் இல்லை. வாசலிலை நிண்ட மனுசிக்கு, வெளிக்கிடு, போவம் எண்டு காட்டினனான்!"

சிரிப்பும் கூச்சலும் ஒன்றாக வெடித்தன. தோட்டக்கார இளந்தாரிகள் விடவில்லை. "விழுந்தது விழுந்ததுதான்! ஒழுங்கை எங்களுக்கு! மிச்ச நாளை நாங்கள் எப்பிடியும் பாப்பம்!" என்று நின்றார்கள். மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"கரையிலை இப்பிடிப் பிழைச்சால் என்ன செய்வியள்?" என்று என்னிடம் கேட்டார்.

"பிழையாய்க் கூறினவன்தான் மிஸ் மீனை எடுக்கவேணும். கூறின விலைக்கே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. கதிரவேலருக்கு என்னை முந்தி விளங்கிவிட்டது.

"அப்ப நீ எடு!" என்றார். தம் இளந்தாரிகளைத் திரும்பி ஒரு முறை முறைத்தார். "கேக்காததை வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கு உவன்ரை முகத்திலை முழிக்கேலாது. நூற்றி நாப்பது அவையின்ரை. மேலதிகப் பத்து உவன்ரை தலையிலை. எழுதுங்கோ மிஸ்! வாற வருசம் எங்கடை முறை, அப்ப உவன் கூறக்கூடாது!"

இளந்தாரிகள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சபைத் தவிசாளர் எழும்பி, இரண்டு பக்கமும் சம்மதமா என்று கேட்டார். "ஓம்!" என்று மண்டபமே கத்தியது. மிஸ் எழுதினார். அந்தோனியார் கோவிலடி ஒழுங்கை, நூற்றைம்பது வேலைநாள். கனிசியஸ் என்னை மேடையிலிருந்து அப்படியே தூக்கி இறக்கினான். கொடுக்க முடியாது என்றிருந்த நான் பத்து நாள் கொடுத்துவிட்டேன்! அதுவும் என் முட்டாள்தனத்தால்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஜெசிதா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். முகம் பூரித்திருந்தது.

"ஜனவரியிலை வேலைக்குப் போற முதல் நாள் நீ முன்னுக்குப் போ பிள்ளை. நான் பின்னாலை நாற்காலியைப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்றேன்.

"வேண்டாம் அப்பா" என்றாள். "நீங்கள் வீட்டு வாசல் படலையடியிலை நிண்டு பாருங்கோ. அதுவே எனக்குக் காணும்."