பெயர் சொன்னால் விலையேறும் வண்டி

1.

இது கதையாக எழுத ஆரம்பித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வாகனப் பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நெடுந்தூரத் தரைவழிப் பயணத்துக்கு, நமக்குக் கட்டுப்படியாகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிய எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு ஒரு கட்டுரை வேணும் சார். ஜாலியா இருக்கணும். பிரயோஜனமாவும் இருக்கணும்."

"எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதே."

"அதனாலதான் உங்கள கேக்கறேன். தெரிஞ்சவங்க எழுதினா ஒருத்தருக்கும் புரியமாட்டேங்குது."

சம்மதித்தேன். எனக்குத் தெரியாவிட்டால் என்ன? என் அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதிலிருந்து அவர் அந்த ஒரு வண்டியைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

தொடக்கம், முதல் வரைவு: "சக்கரத்தைக் கண்டுபிடித்த கணத்திலேயே மனிதன் தொலைவுக்கு அடிமையாகி..."

[இல்லை. இந்த வாக்கியத்தை முடித்துவைக்க என்னால் ஆகாது.]

தொடக்கம், இரண்டாம் வரைவு: "வண்டி வாங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஐந்து. ஒன்று, நாம் உண்மையிலேயே கிளம்பப்போகிறோமா?"

[மற்ற நான்கும் தேவைப்படவில்லை. கட்டுரை இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் ஆறு பக்கம் கேட்டிருந்தார். ஆகவே கதை.]

2.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்கூலிலிருந்து பெட்ரோல் பங்க், பங்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி ரிவர்ஸ், மறுபடி ஸ்கூல். அவளுடைய உலகத்தின் நீள அகலம் இவ்வளவுதான். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இவள் இன்னும் அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், அதுவும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கண்டத்தின் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல்வரை, மலையையும் பாலையையும் தாண்டி, தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்கூல் முதலாளி இந்த வருஷம் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார். "ஒரு தடவைதாம்மா. அடுத்த தடவை கேட்டா உன் சீட்டுல என் மருமக உக்காந்திருப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார். பனி விழ ஆரம்பித்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அதற்குள் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு வண்டி வேண்டும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது மாமாவின் இலாகா.

மாமா காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து மதிப்பீட்டாளர். அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று சொல்வது வேலை. ஆகவே உலகத்தின் எல்லா வண்டிகளையும் அவர் சவமாகவே பார்த்திருக்கிறார். எந்த மாடலின் பெயரைச் சொன்னாலும் அவர் முகம் இழவு வீட்டுக்குப் போய்வந்தது போலாகிவிடும். "அதுவா? அதோட முன்அச்சு ரெண்டா முறிஞ்சு கிடந்தத இந்தக் கண்ணால பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு சங்கம் உண்டு: நெடுவழி நண்பர்கள். ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் கூடுவார்கள். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த புழுதி நிறச் சட்டை போட்டிருப்பார்கள். புழுதி நிறம் கடையிலேயே கிடைக்கிறது. புழுதிக்காக எங்கும் போக வேண்டியதில்லை. ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஒரு மூச்சுக்குழாய் பொருத்தியிருப்பார்கள். அந்த வண்டிகள் கண்ட ஒரே வெள்ளம் வாட்டர் சர்வீஸ். பின்கண்ணாடியில் பயண வரைபடம் ஒட்டியிருக்கும். அதில் போட்ட கோடு மட்டும் போய்விட்டு வந்திருக்கும்.

அங்கே மாமாவுக்குப் பட்டப்பெயர் 'திசைகாட்டி'.*

* திசைகாட்டியும் எங்கேயும் போவதில்லை. யார் கேட்டாலும் திசை மட்டும் காட்டும். பட்டம் வைத்தவர் இதை யோசித்துத்தான் வைத்தாரா என்று தெரியவில்லை.

3.

இதுவரை எழுதியதை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க மாமாவ கோமாளியாக்கிட்டடா."

"இதெல்லாம் நீ சொன்னதுதானேக்கா?"

"நான் சொல்லுவேன். நான் பொண்டாட்டி. நீ யாரு சொல்றதுக்கு?"

"சரி, அவரப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லு. எழுதறேன்."

அக்கா யோசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை யோசித்தாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு பார்த்துச் சொல்ற வண்டி சரியாத்தான்டா இருக்கும். அதான் பிரச்சினையே."

ஆகவே இந்தப் பாத்திரத்தை நான் திருத்த வேண்டியிருக்கிறது. இவர் வெறும் வாய்ச்சொல் வீரர் என்றால் கதை எனக்குச் சுலபமாகிவிடும். அப்படி இல்லை. மின்னணுச் சமாச்சாரம் இல்லாத எளிய டீசல் எஞ்சின், ஏணி மாதிரி அடிச்சட்டம், எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கிற உதிரிபாகம், கூரைமேல் கூடாரத்தையும் இரும்பையும் ஏற்றிப் பாரமாக்காத புத்தி: இவையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தனையும் சரி. ஊரில் யார் கண்ணிலும் படாமல் மலிவாகக் கிடக்கிற நல்ல வண்டியை அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

கண்டுபிடித்ததை அவர் வாயால் வைத்துக்கொள்ள முடியாது.

4.

கட்டுரையாளனாக இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆறு பக்கத்தில் பிரயோஜனமான பகுதி இதுதான். ஒரு வண்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் அது நல்ல வண்டி என்று யாருக்கும் தெரியாததே. தெரிந்த அன்றே அது மலிவான வண்டி அல்ல.

மாமா ஒரு வண்டியைக் கண்டுபிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொல்வார். கைதட்டுவார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பாக்கெட் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் அதை வாங்கியிருப்பார்கள். மிச்சமிருப்பவற்றின் விலை மாமாவின் கைக்கு எட்டாமல் போயிருக்கும். மாமா அடுத்ததைத் தேடப் போவார், பெருமையோடு. அவர் கைகாட்டிய வண்டிகளில் ஊரே போய்க்கொண்டிருக்கிறது, பேரங்காடிக்கு.

(பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "மாடல் பேர் எங்கே சார்? வாசகர் அதுக்குத்தானே காசு கொடுக்கிறார்?" அதற்குத்தான் என்பது எனக்கும் தெரியும். இந்தக் கதையில் எந்த வண்டிக்கும் பெயர் கிடையாது. காரணம் மேலே உள்ள விதி.)

இந்த வருஷம், அக்காவின் லீவு ஆரம்பித்த பிறகு, மாமா ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் தவிட்டு மூட்டை ஏற்ற வைத்திருந்த பழைய வண்டி. அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது. பண்ணைக்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நடுவில் ஒரு ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. மாமாவுக்கு 'வாழ்நாள் பயணி' விருது.

[இது நான் இட்டுக்கட்டியது இல்லை. எங்கேயும் போகாதவருக்குத்தான் கொடுத்தார்கள்.]

"போகாதீங்க. காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

"விருது எனக்குடி. நான் போகாம யாரு போறது?"

"சரி, போங்க. வாய மட்டும் தெறக்காதீங்க."

"நன்றி சொல்லணும்ல?"

"நன்றி மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா" என்றார். பக்கத்தில் நான்தான் இருந்தேன் என்பதால் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

5 (அ).

மாமா மேடையேறினார். டயர் வடிவத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். "நன்றி" என்றார். இறங்கினார். திங்கட்கிழமை வண்டி வந்தது. பனிக்கு முன்னால் அவர்கள் மலையைக் கடந்...

[பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. "இப்படியே வெச்சுக்கலாமே சார், பாஸிட்டிவா இருக்கு." பாஸிட்டிவாகத்தான் இருக்கிறது. நடக்கவில்லை.]

5 (ஆ).

மாமா "நன்றி" என்றார். முதல் வரிசையில் அக்கா மூச்சு விட்டாள். அப்போது ஒரு பல் டாக்டர் எழுந்தார். சங்கத்திலேயே அதிகப் பாக்கெட் வைத்த சட்டை அவருடையது.

"திசைகாட்டி சார், ஒரே கேள்வி. இன்னைக்குத் தேதிக்கு ஒரு நடுத்தரக் குடும்பம் நம்பி வாங்கக்கூடிய வண்டி எது?"

மாமா அக்காவைப் பார்த்தார். சிரித்தார். "சொல்றதுக்கில்ல டாக்டர்."

நம்புங்கள், அவர் அப்படித்தான் சொன்னார். இறங்கப் படியில் ஒரு காலும் வைத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க சார்!"

அரங்கம் சிரித்தது. படியில் வைத்த கால் மேடைக்குத் திரும்பியது.

"தெரியலையா? எனக்கா?"

மைக்கைக் கையில் எடுத்தார். பெயரைச் சொன்னார். எந்த வருஷத் தயாரிப்பு என்று சொன்னார். ஏன் அதற்குப் பிந்தையது உதவாது என்று சொன்னார். "எங்க சார் கெடைக்கும்?" என்று கேட்டபோது, பண்ணைக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. அந்த அளவுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றினார். "பண்ணைங்கள்ல தேடிப் பாருங்க. தவிடு ஏத்த வெச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

கைதட்டல் அடங்கவே நேரமானது. தட்டாத கைகள் இரண்டே ஜோடி. ஒன்று அக்காவுடையது. மற்றது பல் டாக்டருடையது. அவர் ஏதோ ஒரு பாக்கெட்டில் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.

6.

திங்கட்கிழமை பண்ணைக்காரர் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மன்னிச்சுக்கம்மா. நேத்து சாயங்காலத்துலருந்து ஆள் மாத்தி ஆள் வர்றாங்க. எல்லார் சட்டையிலயும் உடம்பெல்லாம் பாக்கெட்டு. கடைசியா வந்தவரு நான் கேட்டத குடுத்துட்டு ஓட்டிட்டே போயிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார், "வாய் தவறி வந்துடுச்சு."

"தவறலீங்க. நல்லா நிறுத்தி நிதானமா, ஒவ்வொரு பார்ட்டா சொன்னீங்க."

"ஒருத்தன் எல்லார் முன்னாடியும் தெரியலையான்னு கேட்டா..."

"தெரியலன்னு சொல்லியிருந்தா நான் கடலப் பார்த்திருப்பேன்."

மாமா கேடயத்தை அலமாரியில் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

[இங்கே மாமாவின் மனசுக்குள் போய் நாலு வரி எழுதப் பார்த்தேன். "அவருக்கு உள்ளுக்குள்..." என்று ஆரம்பித்தேன். அவருக்கு உள்ளுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. வெளியே, கேடயத்தை நடுத்தட்டில் வைத்தார்.]

7.

அதற்கப்புறம் அக்கா மாமாவிடம் வண்டி பற்றிப் பேசவில்லை. பழைய மாணவி ஒருத்தியின் அப்பா இறந்துபோய், அவருடைய வண்டி கொட்டகையில் கோணிக்கடியில் கிடந்தது. அக்கா போய்ப் பார்த்தாள். அப்படியொன்றும் பிரமாதமான வண்டி இல்லை. ஓடியது. நான்கு சக்கரமும் இழுத்தது. வாங்கினாள். என் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"மாமாகிட்ட எப்ப சொல்லப்போற?"

"கிளம்புற அன்னைக்குக் காலைல."

"புருஷன்கிட்ட மறைச்சு வண்டி வாங்குறவள இப்பதான் பார்க்கறேன்."

"வேற எத வேணா சொல்லலாம்டா அவருகிட்ட. வண்டிய மட்டும் சொல்ல முடியாது."

மலையில் முதல் பனி விழப்போவதாகச் செய்தி வந்த மறுநாள் காலை, அவள் வண்டியைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னிருக்கையில் நான்தான் மூட்டைகளை அடுக்கினேன். மாமா பெட்டியோடு வெளியே வந்தார். பஸ்ஸில் எங்கோ பக்கத்தில் கூட்டிப்போகிறாள் என்று நினைத்திருந்தார்.

"எது இது?"

"வண்டிங்க. ஏறுங்க."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"அடியில பார்த்தியா?"

பெட்டியைத் தரையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். நல்ல வெயில். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரை உதைத்தார். பின்சக்கரத்தின் ஓரமாக மண்டிபோட்டு உள்ளே வெளிச்சம் அடித்தார்.

"என்னங்க, ஏறுங்க. பாதைய மூடிடுவாங்க."

"ஒரு நிமிஷம். இந்த மாடல்ல டிஃபரன்ஷியல் போன கேஸ் ஒண்ணு பார்த்திருக்கேன்."

"ஒரு நிமிஷம்னா எத்தன வருஷம்?"

மாமா இன்னும் உள்ளே குனிந்தார். அக்காவின் பக்கத்து இருக்கைக் கதவு திறந்தே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கக் கண்ணாடியைத் தள்ளிச் சரிசெய்தாள். அதில் மாமாவின் செருப்பும் உள்ளங்காலும் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எட்டி, அந்தக் கதவைப் பிடித்தாள்.

கதவைச் சாத்தவா, இன்னும் அகலமாகத் திறந்துவிடவா?

பத்திரிகை ஆசிரியர் இன்றும் கூப்பிட்டார். "போனாங்களா இல்லையா சார்? அத மட்டும் ஒரு வரியில சொல்லிடுங்க." கை வைத்த அந்தக் கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றேன். அவருக்குக் கோபம். "உங்களுக்கே தெரியாதா?"

அந்தக் கேள்விக்கு மேடையேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாது சார் என்றேன்.