ரத்தக்கட்டுக்கு முந்நூறு வார்த்தைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதை எழுத உட்கார்ந்து எழுதியது இல்லை. ஒரு வாரப் பத்திரிகையில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் வீட்டுக் குறிப்புகள் எழுதுகிறவள் நான். சட்டையில் மை கொட்டினால் என்ன செய்வது, விக்கல் நிற்க என்ன வழி, சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வராமலிருக்க எதை வைப்பது. பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. போன வாரம் அந்தப் பக்கத்தின் பொறுப்பாளர் போன் செய்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. நானூறு வார்த்தை கொடுத்தால் நூற்றைம்பதை வெட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

"ஏம்மா, அடிபட்டு ரத்தம் கட்டிக்கிட்டா வீட்டுலயே என்ன பண்ணலாம்னு ஒண்ணு வேணும். முந்நூறு வார்த்தை. கதை அளக்காம எழுது."

"அதுல எனக்குப் பதினோரு வருஷ அனுபவம்க்கா."

"அனுபவமெல்லாம் வேணாம். குறிப்பு போதும்."

உட்கார்ந்தேன்.

மேசை முனையில் இடித்துக்கொள்ளாத மனிதர் உலகத்தில்

(வேண்டாம். 'உலகத்தில்' என்று தொடங்கினால் கத்தரிக்கு முதல் வரியிலேயே வேலை வந்துவிடும்.)

தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கசிந்து அந்த இடம் கன்றிப்போவதைத்தான் நாம்

(பாடப்புத்தகம்.)

சரி, முதலில் விஷயத்தைச் சரிபார்ப்போம் என்று மருத்துவப் புத்தகத்தை எடுத்தேன். சமையல் சோடாவுக்கே சரிபார்த்து எழுதுகிறவள் நான். அதில் போட்டிருந்தது: முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம் மட்டும். ஐஸைத் துணியில் சுற்றி, கால் மணி நேரம். சூடு கூடவே கூடாது, கசிவும் வீக்கமும் அதிகமாகும். சூடான ஒத்தடம் எல்லாம் மூன்றாம் நாளிலிருந்துதான்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதினோரு வருடம் என் வீட்டுக்காரருக்கு, அடிபட்ட அன்று சாயங்காலமே, சுடச்சுட உப்பு ஒத்தடம் கொடுத்தவள் நான்.

2

முந்நூறு வார்த்தையை எப்படியோ முடித்தேன். அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை, அதனால் இது. முதலில் கௌரவமாக, யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல ஆரம்பித்துப் பார்த்தேன்.

அவன் சாமான் தூக்குகிறவன். அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே

(பார்த்தீர்களா? மூன்றாவது வரிக்கே 'அவன்' போய் 'அவர்' வந்துவிட்டார். பொய் சொல்ல வராத கை. போகட்டும், அவரென்றே வைத்துக்கொள்வோம்.)

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஒரு பீரோவை மாடிப்படியில் இறக்க மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள் வேண்டும். கீழே பிடிப்பவர் பின்னால் பார்க்க முடியாமல் இறங்குவார். மேலே இருப்பவர் "படி, படி, திருப்பம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். இவர் உயரம், அதனால் கீழ் இடம் எப்போதும் இவருக்குத்தான். எந்தச் சுவர் வந்து இடித்தாலும் முதல் அடி இவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களை மேசையில் உட்காருவார். நான் வாணலியில் கல் உப்பை வறுத்து, பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, என் மணிக்கட்டின் உள்பக்கம் ஒருமுறை வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஒத்தி எடுப்பேன். போகப் போக, கன்றிய இடத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன தூக்கினார் என்று சொல்லிவிடுவேன். தோளில் அகலமாக இருந்தால் ஃபிரிட்ஜ். முழங்கையின் உள்பக்கம் நீளமாக இருந்தால் கட்டில். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் எவனோ ஒரு புண்ணியவான் மூன்றாம் மாடியில் பீரோவைக் காலி பண்ணாமலே பூட்டி வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மனுஷன் வாயைத் திறப்பது அப்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் கேட்டதற்குப் பதில், அதுவும் அளந்து.

"இன்னைக்கு ஒரு அம்மா, வீடு மொத்தமும் காலி பண்ணியாச்சு, சுவத்துல இருக்கிற ஆணியையும் பிடுங்கிக் கொடுன்னு நிக்கிறாங்க."

"ஆணியா?"

"ஏழு ஆணி. பிடுங்கி ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தேன். நெஞ்சோட வெச்சுக்கிட்டுப் போறாங்க."

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிக்கல. அவங்க என்னத்த மாட்டியிருந்தாங்களோ."

உப்பு ஆறும்வரை பேச்சு. ஆறியதும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நான் இன்னொரு பிடி உப்பை வறுக்கிற சாக்கில் அதை இழுத்த நாட்கள் உண்டு.

3

இதுவரைக்கும் எழுதியதைக் கத்தரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். தப்பு என்னுடையதுதான். ஒரு கதையைப் பாதியில் யாருக்கும் காட்டக் கூடாது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அடி, காயம்னு ஒரே பக்கமா வருதே. அவர் உன்ன அடிச்சாரா?"

"ஐயோ அக்கா! அடிபட்டது அவருக்கு. அடிச்சது பீரோ."

"அப்போ இதுல பிரச்சினை எங்க இருக்கு? பிரச்சினை இல்லாம கதை ஏது?"

உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். தலைப்பில் ரத்தக்கட்டு, உள்ளே ஒரு கணவன், மனைவி. வருவது நியாயம்தான். ஆனால் என் கதையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. தொடவே இல்லை, அதுதான் பிரச்சினை.

4

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எந்த லாரி எந்தத் தெருவுக்கு, யார் யார் அதில் போவது என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற வேலை. தெரிந்தவர்கள் எல்லாரும் "இனிமே உடம்பு நோகாது" என்றார்கள். நானும் சொன்னேன். வாயாரத்தான் சொன்னேன்.

ஒரு மாதத்தில் கடைசிக் கன்றலும் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துபோனது. அதற்குப் பிறகு சாயங்காலம் அவர் வந்ததும் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

லாரி டிரைவர்கள் காலை நாலரைக்கே போன் பண்ணுகிறார்கள், உன் தூக்கம் கெடும் என்று முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். என் தூக்கம் கெட்டால் பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். "அதுவும் சரிதான்" என்று சொன்னேன். எனக்கு வாய்த்த வாய் அப்படி.

('கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே' என்று நீங்கள் அலுத்துக்கொள்வது கேட்கிறது. எனக்கு முப்பத்தாறு, அவருக்கு நாற்பது ஆனபிறகு நடந்த கல்யாணம் இது. இரண்டு பேரும் தனியாக இருந்து இறுகிப்போனவர்கள். முதல் மூன்று மாதம் ஒருவருக்கொருவர் தண்ணீர் டம்ளர் நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். அவருக்கு முதல் அடி பட்ட அன்றைக்குத்தான் நான் அவர் முதுகைப் பார்த்தேன். அடி இல்லாமல் பக்கத்தில் போவது எப்படி என்று நாங்கள் கற்றுக்கொள்ளவே இல்லை.)

ஒரு நாள் ஆபீஸ் வண்டிக் கதவில் முழங்கையை இடித்துக்கொண்டு வந்தார். "லேசா இடிச்சுடுச்சு" என்று வாசலிலேயே சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, நான் உப்பைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணுமில்ல, விடு" என்றார். உள்ளே போய் உப்பைத் திரும்ப ஜாடியில் கொட்டினேன். என் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை.

கட்டின புருஷனுக்கு அடிபடாதா என்று ஏங்குகிற பெண் ஜென்மம் உலகத்தில் உண்டா? இங்கே ஒன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த முதுகின் சூடு என் கைக்கு வேண்டும். அந்த ஆணிக் கதை மாதிரி ஒரு கதை வேண்டும். அவர் இதே வீட்டில், பத்தடி தூரத்தில் இருக்கும்போதே எனக்கு அவர் நினைப்பாக இருக்கிறது.

5

கதைக்கு முடிவு வேண்டுமே. யோசித்தவரையில்:

முடிவு ஒன்று. ஆள் குறைந்த ஒரு நாளில் அவரே பீரோ பிடிக்கப் போகிறார், படியில் வழுக்கி

(மாட்டேன். ஐம்பத்து மூன்று வயது மனுஷனை ஒரு கதைக்காகப் படியில் உருட்டிவிட எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு. அவள் தன் கையில் பொய்யாக ஒரு கன்றலை வரைந்துகொள்கிறாள். இது நடக்குமா என்று பார்க்க, ஆராய்ச்சிக்காகத்தான், நம்புங்கள், கண் மை எடுத்து முழங்கைக்குக் கீழே தேய்த்துப் பார்த்தேன். யாருடைய மீசையோ கழன்று விழுந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

முடிவு மூன்று. பதினோரு வருடமும் தான் செய்தது தப்பு என்று அவள் அவரிடம் ஒப்புக்கொள்கிறாள். உங்கள் வலியை நான்தான் நீட்டித்தேன், மூன்று நாளில் ஆறவேண்டியதைப் பத்து நாள் ஆக்கினேன், என்னை மன்னித்து

இதையும் முடிக்கவில்லை. முடித்தால் மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடுமோ என்று பயம். நான் அவருக்கு ஏதாவது நல்லது செய்தேன் என்றால் அந்த ஒத்தடம் ஒன்றுதான். அதுவும் கெடுதல் என்றால் என்னிடம் என்ன இருக்கிறது?

தாள்களை மேசையில் அப்படியே போட்டுவிட்டு, முந்நூறு வார்த்தையைக் கத்தரியிடம் கொடுக்கக் கிளம்பினேன்.*

* அதில் சரியானதைத்தான் எழுதியிருக்கிறேன். முதலில் குளிர்ச்சி, இரண்டு நாள் கழித்துச் சூடு, அடிபட்ட காலையோ கையையோ உயர்த்தி வைப்பது, அன்றே தேய்க்காமல் இருப்பது. என் வீட்டுக் கதையைப் படித்துவிட்டு யாரும் அன்றைக்கே உப்பு வறுக்காதீர்கள்.

6

இன்று அவருக்கு வார விடுமுறை என்பது எனக்கு மறந்தே போயிற்று. முன்னறைக் கதவு சாத்தியிருந்ததால், வேலைக்குப் போய்விட்டார் என்றே நினைத்திருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது தாள்கள் மேசையில் இருந்தன, ஆனால் நான் போட்டபடி இல்லை. நாலு ஓரமும் சேர்த்து, மேசை விளிம்புக்கு நேராக அடுக்கியிருந்தது. அட்டைப்பெட்டி அடுக்கிப் பழகியவர் கை. என் எழுத்தை இதுவரை ஒரு வரி படிக்காதவர். ஓரத்தில் தடிப் பென்சிலில் குறிப்புகள். பெட்டிகளின் மேல் எழுதி எழுதி, எழுத்து ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி நிற்கும். நின்றுகொண்டே படித்தேன்.

ஃபிரிட்ஜ் பக்கத்தில்: "ஃபிரிட்ஜ் தோளுக்கு வராது. பெல்ட் போட்டுத் தூக்குவோம். தோள்ல பட்டது எல்லாம் வாஷிங் மெஷின்."

(போயேன். பதினோரு வருடம் தப்புத் தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறேன். அவரும் "ஆமா, ஃபிரிட்ஜ்தான்" என்று தலையாட்டியிருக்கிறார்.)

'ஏழு ஆணி'யில் 'ஏழு' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே: "ஒம்பது."

கத்தரி என்னைக் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில்: "அந்த அம்மாகிட்ட என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லி வை."

காலை நாலரை என்ற இடத்தில்: "இப்ப போன் வர்றதில்ல. ஒரு வருஷமா ஆபீஸ்லயே ஆள் போட்டு எடுக்கறாங்க."

'அவர் கவனிக்கவில்லை' என்பதன் கீழே கோடு இழுத்து: "கவனிச்சேன். நான் வேணும்னேதான் சொன்னேன், இடிச்சுடுச்சுன்னு. நீ கிண்ணத்தோட வந்ததும் காட்ட ஒண்ணும் இல்லாமப் போச்சு. வெக்கமா இருந்துச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது முடிவின் ஓரத்தில் இடம் போதாமல், தாளின் பின்பக்கத்துக்கும் ஓடியிருந்தது: "ஐஸ்தான் முதல்ல வெக்கணும்னு எனக்குத் தெரியும். சேர்ந்த வாரமே கம்பெனில சொல்லிக் கொடுத்தாங்க. லாரிலயே ஐஸ் பெட்டி இருக்கும். மத்தவங்க எல்லாம் வெச்சுக்குவாங்க. வெச்சா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அமுங்கிடும். அதான் நான் வெக்கல. உன்கிட்ட சொன்னா நீயும் ஐஸ் எடுத்துக் கொடுத்துட்டு உன் வேலையப் பாக்கப் போயிடுவ. ஐஸ்னா நானே பிடிச்சுக்கணும்."

அட லூசு மனுஷா. வீக்கத்தைப் பத்திரமாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், என்னிடம் கொடுக்க. பதினோரு வருடம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபமும் வந்தது, சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. வலித்திருக்குமே!

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, கடைசிக் குறிப்பு:

"அடி படாம வந்தாலும் கொடுப்பியா?"

அதற்குப் பதில் எழுதத்தான் அடியில் இடம் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பென்சிலையும் தாளின் மேலேயே வைத்திருக்கிறார், சீவி.

பதில் எழுத முயன்றேன்.

இதைக் கேட்க உங்களுக்கு இத்தனை

(வேண்டாம். சண்டை மாதிரி இருக்கிறது.)

நானும் ரெண்டு வருஷமா

(இதுவும் இல்லை.)

முன்னறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் நான் நினைக்க வேண்டுமாம். நான் உள்ளே வந்ததிலிருந்து பக்கம் திருப்புகிற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கத்தரி இதைப் படித்தால் முடிவு எங்கே என்று கேட்பார். நீங்களும் கேட்பீர்கள். பென்சில் இதோ இருக்கிறது, ஒரு வரிக்கு இடமும் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள், நான் சரிபார்க்க மாட்டேன்.

நான் முன்னறைக்குப் போகிறேன். வெறும் கையோடுதான். நீங்கள் இங்கேயே இருங்கள், கதவைச் சாத்திக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.