மன்மதனுக்கு ஓர் ஈ.சி.ஜி.

ரெங்கசாமி விழுவதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து வைத்தால் மன்மதன் வேடம் அவருக்குத்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் தப்பு மேளத்தின் சத்தம் உச்சத்துக்குப் போகும். மன்மதன் எரிந்து சாய வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் இடம் பார்த்து, முட்டியை மடக்கி, வேட்டி அழுக்காகாமல் சாய்வார்கள். ரெங்கசாமி நின்ற வாக்கில் அப்படியே போவார். "சாமி எறங்கிருச்சு" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பதினெட்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. விழும்போது என்ன ஆகிறது என்று கேட்டால் மட்டும் அவருக்குப் பதில் தெரியாது. தப்புச் சத்தம் காதை அடைக்கும். பிறகு முகத்தில் மஞ்சள் தண்ணீர் படும். நடுவில் ஒன்றுமே இல்லை.

இந்த வருஷம் கூத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே விழுந்துவிட்டார். தப்பும் இல்லை, சிவனும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை மாடியில் வாடவிட்ட கொழுந்தை உதறிக்கொண்டிருந்தவர், அதன் மேலேயே குப்புறப் போனார்.

"சாமி முந்திக்கிச்சு" என்றார் பூசாரி.

"கூத்து என்னைக்கின்னு சாமிக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் ரெங்கசாமியின் மனைவி கலாராணி. மறுநாள் காலையிலேயே தன் தம்பி அஜந்தனைத் துணைக்குக் கொடுத்துப் புருஷனைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

அஜந்தன் கூத்தில் ரதி. புருவத்தை மழித்து வில்லாக்கி, நகத்துக்குச் சிவப்பும் பூசி முடித்திருந்தான். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள். அவன் அதற்காகவே கையை முன் சீட்டின் மேல் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தர்மிளா, யாழ்ப்பாணத்துக்காரி, ஈ.சி.ஜி. கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரெங்கசாமியின் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

"இதைக் கழட்டேலாதோ?"

"காப்புங்க, டொக்டரம்மா. காமன எரிச்சதுக்கு அப்பறந்தான் அவுக்கலாம்."

"அப்ப மேல போடுவம். கரண்டுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

தாள் நெளிநெளியாகக் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது. டொக்டர் தாளைப் பார்த்தார், ரெங்கசாமியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"விழ முந்தித் தலை சுத்தினதோ? வேர்த்ததோ?"

"ஒண்ணுமில்லீங்க. பல்ப்ப அணைச்ச மாதிரி."

"நான் பக்கத்துலதாங்க நின்னேன்," என்று அஜந்தன் புகுந்தான். "மொகம் வெள்ளத்தாளு மாதிரி ஆயிருச்சு. கொஞ்ச நேரத்துல கன்னமெல்லாம் செவந்து எந்திரிச்சிட்டாரு. எனக்கு அந்தச் செவப்புக்கு ஒரு டப்பா பவுடர் வேணும்."

டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவால் தாளின் பின்பக்கம் மூன்று கோடு கிழித்தார். "இதயத்தின்ர மேல்பாதியில இருந்து கீழ்ப்பாதிக்குக் கரண்ட் போக மூண்டு வழி இருக்கு. உங்களுக்கு இதில ரெண்டு அடைச்சுப் போச்சு. மிச்சம் இந்த ஒண்டுதான். இதுவும் இடைக்கிடை அடைக்குது போல. அடைச்சால் துடிப்பு நிக்கும். நீங்கள் விழுவீங்கள்."

"ரெண்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு, ஒத்த ரோட்டுல பஸ் ஓடுற கதை," என்றான் அஜந்தன்.

"சரியாச் சொன்னீர். ஆனால் இப்ப பஸ் ஓடுது. நிக்கிற நேரத்தில பிடிச்சால்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

ரெங்கசாமி சட்டைப் பொத்தானைப் போடவில்லை. அந்த மூன்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... கூத்துல நான் விழறதும் இதுதானுங்களா?"

கைக்குழந்தையைத் தூக்கி வந்து அவர் கையால் திருநீறு பூசச் சொன்னவர்கள் எத்தனை பேர்! சண்டை போட்ட அண்ணன் தம்பிகள்கூட அன்றைக்கு அவர் காலடியில் ஒன்றாக நிற்பார்கள். அவ்வளவும் அடைபட்ட ஒரு வழிக்கா?

"இருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றார் டொக்டர். கொஞ்சம் யோசித்து, "எனக்கும் அறிய விருப்பம்தான். ஆனால் நீங்கள் இண்டைக்கே வார்டில நிக்கவேணும்" என்றார்.

"நாளைக்குக் கூத்துங்க. காப்புக் கட்டிட்டு நான் போகாம இருக்க முடியாது. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்."

டொக்டர் ஏசினார், பயமுறுத்தினார், கலாராணிக்கு போன் போட்டார். கலாராணியும் ஏசினாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், அன்றைக்கு மட்டும் வார்டில் இருக்கவும், மறுநாள் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகவும் ரெங்கசாமி சம்மதித்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டி அந்தப் பெட்டியை இடுப்பில் கட்டினால், ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்துகொள்ளும்.

"தனிய ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. பக்கத்தில ஒரு வான் ரெடியா நிக்கவேணும். விடிஞ்ச உடன இங்க வரவேணும்," என்ற டொக்டர், பெட்டியில் இருந்த பட்டனை அஜந்தனுக்குக் காட்டினார். "அவர் விழுந்த உடன இதை அமத்தும்."

"அது நான் அவரு மேல விழுந்து ஒப்பாரி வைக்கிற நேரமுங்களே."

"வைச்சுக்கொண்டே அமத்தும்."

கூத்து முடிந்த காலையில் இருவரும் டொக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கசாமியின் மணிக்கட்டில் காப்பு இல்லை. அஜந்தனின் கண்ணில் மை கரைந்து கன்னம் வரை வந்திருந்தது.

டொக்டர் கணினியில் கோடுகளை ஓட்டினார். "இதில பட்டன் அமத்தியிருக்கு."

"மூணு தடவ அமுக்குனேங்க. அந்தக் கவனத்துல ஒப்பாரியில ஒரு அடிய விட்டுட்டேன்."

கூரான கம்பிகளை வரிசையாக நட்ட மாதிரி துடிப்புகள் நெருக்கமாக நின்றன. டொக்டர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார்.

"நல்ல வேகம். ஆனால் ஒரு துடிப்புக்கூடத் தவறேல்லை. அந்த ஒரு வழி திறந்துதான் இருந்திருக்கு."

ரெங்கசாமிக்கு முதலில் மூச்சு வந்தது. அடுத்த நொடி முகம் சுருங்கியது. "அப்ப நான் நடிச்சேனா? இத்தனை வருஷமும் பொய்யாவா விழுந்தேன்?"

"ராத்திரி இதயம் நிண்டு விழேல்லை எண்டுதான் இது சொல்லும். ஏன் விழுந்தனீங்கள் எண்டு சொல்லுற மிசின் என்னட்ட இல்லை."

ரெங்கசாமி அந்தப் பதிலை வாயில் போட்டு மென்றார். பிடித்திருந்தது.

டொக்டர் விடிந்த பிறகு வந்த பகுதியை ஓட்டினார். சட்டென்று நிறுத்தினார். கம்பிகள் இல்லை. நெடுந்தூரம் வரை சின்னச் சின்ன மேடுகள் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தன.

"இந்த நேரம் என்ன செய்தனீங்கள்?"

"வான்ல வந்துக்கிட்டிருந்தோம்," என்றான் அஜந்தன். "என் தோள்ல சாஞ்சு தூங்குனாரு."

"தூங்கேல்லை. மேல்பாதி கூப்பிட்டுக்கொண்டே இருக்கு. கீழ்ப்பாதிக்குக் கேக்கேல்லை. எட்டு செக்கன் இதயம் நிண்டிருக்கு."

அஜந்தனின் சிவப்பு நகங்கள் ரெங்கசாமியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டன. "கொறட்டை விடாதீங்கன்னு திட்டுனேனே, மச்சான்!" இரவெல்லாம் பாட்டோடு அழுதவனுக்கு இப்போது பாட்டு இல்லாமல் அழுகை வந்தது.

"அழாதேடா. மை போயிரும்."

"போகட்டும்!"

இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பெட்டரி வைக்க வேண்டும், துடிப்பு நின்றால் அது தட்டிக்கொடுக்கும், அதுவரை வார்டை விட்டு அசையக்கூடாது என்றார் டொக்டர். ரெங்கசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு கேள்விதான் அவருக்கு இருந்தது.

"அடுத்த வருஷம் விழலாமுங்களா?"

"கவனமா விழலாம். ஆனால் இனி நீங்களாத்தான் விழவேணும்."

வார்டுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்து நெஞ்சில் மறுபடி வயரை ஒட்டினார்கள். தலைமாட்டுத் திரையில் துடிப்பு ஓடியது. ரெங்கசாமி தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார். காதுக்குள் தப்புச் சத்தத்தை வரவழைத்துப் பார்த்தார். வந்தது. கண்ணைச் செருகினார். கழுத்து சரிந்தது, தோள் சரிந்தது, ஆள் பக்கவாட்டில் போனார்.

நர்ஸ் ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். துடிப்பு டிக் டிக்கென்று போய்க்கொண்டிருந்தது.

"ஐயா! வெளையாட வேணாம்!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு அஜந்தன் குனிந்து சொன்னான்: "நல்லாத்தான் இருந்துச்சு, மச்சான். ஆனா கழுத்து கொஞ்சம் முந்திருச்சு."

ரெங்கசாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்படியா? இன்னொரு தடவ பாரு."