மாமா எட்டிப் பார்த்த வீடு

கடையில் உட்கார்ந்து பேச நாற்காலி கிடையாது. மெத்தைக் கடையில் நாற்காலி எதற்கு என்பது மாமாவின் கட்சி. அதனால் அன்று காலை மாப்பிள்ளை தன் மடிக்கணினியை விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கட்டில்மேல் திறந்து வைத்தார். எதிர்க்கட்டிலில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மச்சான் படுத்தேவிட்டான்.

கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளையின் வேலை. முதல் நாள்தான் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். அடைக்க இரண்டு நாளாவது தளத்தை மூட வேண்டும். மறுநாளோ, மச்சான் தெருத்தெருவாகத் தட்டி வைத்து விளம்பரம் செய்த தள்ளுபடி விற்பனை. மூடாவிட்டால் மெத்தை வாங்கியவர்களின் விலாசமும் ஃபோன் நம்பரும் எவன் கையிலும் சிக்கும்.

"அனுமதிச் சோதனை இல்லாத நேரடி அணுகல், மாமா..." என்று ஆரம்பித்தார்.

மாமா தலையாட்டினார். ஒன்றும் புரியாதபோதுதான் அவர் அத்தனை அழகாகத் தலையாட்டுவார்.

"மேல தளத்து விலாசத்துக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருக்கே மாப்பிள்ளை. பூட்டினது போதாதா?"

"அது வழிக்குப் போட்ட பூட்டு மாமா. நடுவழியில யாரும் பிரிச்சுப் பாக்க முடியாது. ஆனா வாசல்ல வந்து கேக்கிறவனுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துடுது."

"நம்ம மெத்தைய எவன் அத்தான் தூக்குவான்? தூக்குறதுக்கே நாலு பேரு வேணும்," என்றான் மச்சான், கண்ணைத் திறக்காமல். "நல்லா ஓடுற வியாபாரத்துல மண்ணைப் போட வீட்டு மாப்பிள்ளையாலதான் முடியும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டுக் கணினியை ஓரமாகத் தள்ளினார். "மச்சான், ஒரு உதவி. கிடங்குக்குப் போய் ஏதாவது ஒரு ஆர்டர் நம்பரைச் சொல்லி மெத்தை கேளு. ரசீது மட்டும் காட்டாதே."

முணுமுணுத்துக்கொண்டே மச்சான் எழுந்து போனான். பின்பக்கத்திலிருந்து, கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"ரசீது எங்க தம்பி?"

"நான் யாருன்னு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. மெத்தை யாருதுன்னுதான் தெரியல."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா. சட்டம் போட்டதே அவருதான்."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா! என் கடையில என் பிள்ளைக்கே பருப்பு வேகாது."

"இணையதளத்துல அந்த அம்மா இல்லை மாமா. வெறும் நம்பரைச் சொன்னாப் போதும்." மாப்பிள்ளை கணினியைத் திருப்பினார். "இது நான் வாங்கின தலையணையோட ஆர்டர். மேல விலாச வரியில, கடைசியில ஒரு நம்பர் இருக்கா? அதை மாத்தினா..."

முடிப்பதற்குள் மாமாவின் விரல் போய்விட்டது. திரையில் யாரோ ஒருவரின் பெயர், தெரு, ஃபோன் நம்பர். கீழே ஒரு குறிப்பு: 'மனைவிக்கு முதுகுவலி. பகலில் அவர் தனியாக இருப்பார். மாடிக்கே கொண்டு வரவும்.'

மாமா படாரென்று கணினியை மூடினார். அடுத்தவர் படுக்கையறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட முகம். அவர் காலமான பிறகும், வீட்டில் அவர் பேச்சு எடுத்தாலே அந்த முகத்தை யாராவது ஒருவர் நடித்துக் காட்டாமல் இருப்பதில்லை.

"தளத்தை மூடிடுங்க மாப்பிள்ளை."

திரும்பி வந்த மச்சான் பதறினான். "கடைக்காரர் நீங்க பாத்தா என்னப்பா தப்பு?"

"நான் பாத்த மாதிரி எவனும் பாக்கலாமேடா! கடை திறந்துதானே இருக்கு, நேர்ல வரச் சொல்லு."

மாப்பிள்ளை தளத்தை மூடினார். மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "அந்த மனுஷனுக்குச் சொல்லியாகணும். நம்பரை நீங்களே போட்டுக் குடுங்க. நான் இன்னொரு தடவை பாக்க மாட்டேன்."

போட்டுக் கொடுத்தார். மாமா எழுந்து நின்று பேசினார். "ஐயா, மெத்தைக் கடையிலிருந்து பேசுறேன். உங்க ஆர்டரைப் பாத்துட்டேன். வேற யாராவதுகூடப் பாத்திருக்கலாம். எங்க தப்புதான், மன்னிக்கணும்."

எதிர்முனைக் குரல் மாப்பிள்ளைக்கும் கேட்டது.

"அப்பாடா! ஒருத்தராவது பாத்தீங்களே. மெத்தை எப்ப சார் வரும்?"