ஓட்டுபவர் பெயர்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சுப்பராயன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது, கிருஷ்ணசாமி வீட்டில் எல்லோரும் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தார்கள். நிச்சயதார்த்தமோ என்று எதிர்வீட்டு அஞ்சலாட்சி ஒரு சொம்பு மோரோடு வந்துவிட்டாள். காருக்குப் பத்திரம் எழுதுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவள் எழுந்துபோகவில்லை. போயிருந்தால் சாரம் ஊர் முழுக்க அந்தக் கதை தெரிந்திருக்காது.

அந்த பெஜோ கார் வந்த கதையே தெருவுக்குத் தனி ருசி. கிருஷ்ணசாமியின் மாப்பிள்ளை தெய்வநாயகம் ஒரு பிரெஞ்சு டாக்டரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஐம்பத்துநாலில் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் டாக்டர் கப்பலேறினார். கார் மலிவு விலையில் கிருஷ்ணசாமியின் நெல் மில்லுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, வேலை போன மாப்பிள்ளையும் மனைவி ரஞ்சிதத்தோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் மாமனார் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கார் மாப்பிள்ளையைக் கூட்டி வந்ததா, மாப்பிள்ளை காரைக் கூட்டி வந்தானா என்று இரண்டு வருஷமாகத் தெரு கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுக்கங்க முசே," என்றான் சுப்பராயன். மில்காரரைப் பிரெஞ்சுத் துரைகளைப் போல முசே என்று கூப்பிட்டால் அவருக்குக் கழுத்து அரை அங்குலம் நீளும் என்பது அவனுக்குத் தெரியும். "வண்டி உங்க பேர்ல. நீங்க ஓட்டலாம். உங்களத் தவிர, இந்த மூணு வரியில யாரு பேரு இருக்குதோ அவங்க ஓட்டலாம். ஓட்டி எங்கனா மோதுனா கம்பெனி பாத்துக்கும். பேரு இல்லாத ஆளு ஓட்டி மோதுனா கம்பெனி கைய விரிச்சுடும்."

கிருஷ்ணசாமியின் காதில் விழுந்தது 'பேரு' என்ற ஒரு சொல்தான். அச்சில் பேர் போடுவதற்கு அவர் அறிந்த ஒரே சட்டம் கல்யாணப் பத்திரிகைச் சட்டம்.

"மொத வரியில அண்ணன் பேரப் போடு," என்றார். அண்ணனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து ஆறு வருஷம். "ரெண்டாவது மச்சான். அவன உட்டுட்டா அடுத்த விசேஷத்துக்குக் கை நனைக்கமாட்டான். மூணாவது எம்புள்ள பலராமன்."

"ஓட்டப்போறவங்க பேருதான் முசே வேணும். லைசென்ஸ் இருக்கணும்."

"பலராமன்கிட்ட இருக்குது." இருந்தது உண்மைதான். ஆபீசில் யாரோ சிநேகிதன் மூலமாக, ஸ்டியரிங்கைத் தொடாமலே வாங்கியது. "மத்தவங்க ஓட்டமாட்டாங்கன்னு நீ கண்டியா?"

சுப்பராயனுக்கு அந்த மாதம் அதுவே முதல் பாலிசி. லைசென்ஸ் நம்பர் எழுதும் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, மூன்று பேரையும் எழுதினான்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்தவள். அந்த வீட்டில் ஏஜெண்ட் சொன்னது புரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"நைனா, அவரு பேரு?"

"மாப்பிள்ளையப் போயி டிரைவர் கணக்குல எழுதறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

அண்ணனுக்கும் மச்சானுக்கும் மரியாதையாக இருந்த வரி மாப்பிள்ளைக்கு வரும்போது அவமரியாதையாகிவிட்டது. அஞ்சலாட்சி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தே விட்டாள், சிரிப்பை அடக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

ரஞ்சிதம் விடவில்லை. மறுநாளே சுப்பராயன் வீட்டுக்குப் போய், பேர் சேர்க்க வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு போதும் என்றான். "பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்," என்று பேனாவைத் திறந்தான். கட்டினவன் பேரை வாயால் சொல்வது எப்படி? பேனாவை வாங்கி அவளே எழுதினாள். முதல் முறையாகக் கணவன் பெயரை எழுதுகிறாள்; கொம்புகளும் சுழிகளும் அச்சுப் போல விழுந்தன. மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. எட்டு மாதம், பேப்பர் படிக்கக் கிடைத்த கண்ணாடி சீட்டுக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த எட்டு மாதமும் தெய்வநாயகம்தான் ஓட்டினான். மாமனாரின் அண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்கு, அவர் மச்சானைச் சினிமாவுக்கு, பலராமனைப் பெண் பார்க்க. பெண் வீட்டில் ரஞ்சிதத்தின் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "அவரு வண்டியாண்ட இருப்பாரு," என்றார் கிருஷ்ணசாமி. பஜ்ஜி வண்டிக்கே வந்தது.

"பேரு இன்னாத்துக்கு ரஞ்சிதம்?" என்பான் தெய்வநாயகம். "வண்டிக்கு என்னை நல்லாத் தெரியும்."

மாசி மாதம் ஒரு காலையில், சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள் என்று கிருஷ்ணசாமியே தேங்காய்த்திட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பினார். நல்ல வஞ்சிரம் ஏலத்தில் போய்விடும் என்ற பதைப்பு. "அழுத்துங்க மாப்பிள்ளை, அழுத்துங்க," என்று பின் சீட்டிலிருந்து முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். திருப்பத்தில் கூடையோடு வந்த மீன்காரி பச்சையம்மாளுக்காகத் தெய்வநாயகம் ஒடித்துத் திருப்பியும், வண்டி அவள் காலை இடித்துவிட்டுத் தென்னையில் போய் மோதியது. மட்கார்டு நசுங்கியது. பச்சையம்மாளுக்குக் கணுக்கால் முறிந்தது.

சாயங்காலத்துக்குள் வீடு முடிவு செய்துவிட்டது: ஓட்டியது பலராமன். பேர் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. தெய்வநாயகம் தலையாட்டினான். நாலாம் நாள் டீக்கடையில் பலராமன், தான் ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தான் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தான். "நான் மட்டும் அப்பிடித் திருப்பல, அந்தம்மா உசுரே போயிருக்கும்." பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தெய்வநாயகமும் அதைக் கேட்டான். நன்றாகத்தான் திருப்பியிருக்கிறான் என்று அவனுக்கே தோன்றியிருக்கும்.

மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி இன்ஸ்பெக்டர் அதிகம் பேசவில்லை. நசுங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "மிஸ்டர் பலராமன், பின் பக்கம் பார்க்கணும். ஒரு பத்தடி பின்னால எடுங்க," என்றார்.

பலராமன் ஏறினான். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கியர்க் கம்பியை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். வண்டி முன்னால் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளப்பினான். பல்சக்கரம் கறகறவென்று அழுதது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற ரஞ்சிதம் கணவனைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றிருந்த தெய்வநாயகத்தின் முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு கறகறப்புக்கும் அவனுடைய இடது பாதம், கிளட்ச்சை மிதிப்பது போல, மண்ணை அழுத்தியது. அழுத்தி, மெல்ல மெல்ல விட்டது. அவன் நின்ற இடத்தில் குதிகால் குழியே விழுந்திருந்தது.

ரஞ்சிதம் தலையைத் திருப்பினாள். இன்ஸ்பெக்டரும் வண்டியைப் பார்க்கவில்லை. அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை மூடினார்.

அவர் போனபின் கிருஷ்ணசாமிக்கு வந்த கோபம் முழுக்க அந்தக் காலின் மேல்தான். "ரெண்டு நிமிசம் ஒரு காலு சும்மா இருக்கக் கூடாதா? குடும்பத்தையே காட்டிக் குடுத்துட்டாரே."

மறுநாள் சுப்பராயன் வந்தான். பச்சையம்மாளின் அண்ணன்மார் வக்கீலைப் பிடித்துவிட்டார்கள். கம்பெனி கையை விரித்துவிட்டது. இனி எல்லாம் சொந்தக்காரர் தலையில். குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்குது முசே. உங்களுக்குத் தெரியாம, உங்க அனுமதி இல்லாம எடுத்துக்கினு போனாருன்னு ஒரு கடுதாசி. அப்பொறம் உங்க மேல வராது. ஓட்டுனவரு மேல போயிடும்."

கிருஷ்ணசாமி சட்டைப் பையில் கைவிட்டார். கண்ணாடி அங்கேயே இருந்தது.

"ரஞ்சிதம், பேனா எடுத்துக்கினு வாம்மா. ஒங்கையெழுத்துதான் முத்து மாதிரி இருக்கும்."

"நைனா, வண்டியில பின்னால நீங்கதான ஒக்காந்திருந்தீங்க?"

"அத எழுதச் சொல்லலியே," என்றார் அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "மாப்பிள்ளை ஒண்ணும் நெனச்சுக்கமாட்டாரு. தங்கமான மனுசன்."

அவள் உட்கார்ந்தாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். என் மருமகன் என்று எழுதினாள். அடுத்து, தெய்வநாயகம் என்று எழுதினாள். கை தானாகவே கொம்புகளையும் சுழிகளையும் முன்போலவே அச்சாகப் போட்டது.

அதற்கு மேல் பேனா நகரவில்லை. "ஊம், எழுது," என்று அப்பா இரண்டு தரம் சொல்லிவிட்டார், கையெழுத்துப் போட விரல்களை நீவிக்கொண்டே. நிப்பின் நுனியில் மை திரண்டு தொங்கியது. வெளியே, நசுங்கிய மட்கார்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான் தெய்வநாயகம். நசுங்காத பக்கத்தைத் துடைப்பது போலவே, வளைவு வளைவாக.