காட்டேரிக்குப்பத்துக்கு மிதந்து போனவர்கள்

பண்டசோழநல்லூர் புகழ்வேந்தனையோ அவர் வம்சத்தையோ கடிக்கும் தைரியம் எந்தக் கொசுவுக்கும் கிடையாது. இதை அவரே மதகடிப்பட்டு டீக்கடையில், கரும்பு விலை சொல்லும் குரலில் சொன்னார். கேட்டவர்கள் மறுக்கவில்லை, பாதிப் பேர் அவர் வயலில் கரும்பு வெட்டுகிறவர்கள்.

பிளாட் போடுவதற்காக அவர் இலுப்பைத் தோப்பை வெட்டினார். தோப்புக் குரங்குகள் வேறெங்கே போகும்? கரும்பு வெட்டுகிறவர்கள் தெருவின் ஓட்டுக்கூரைகளில் ஏறிக்கொண்டன. குரங்கைக் கடித்த கொசு கீழே இறங்கி மனுஷனையும் கடிக்க, குரங்கின் மலேரியா மனுஷனுக்கு வந்தது. முதலில் உஷாராணிக்கு. தினமும் சாயங்காலம் அவள் நடுங்கத் தொடங்கினால், கூரையில் காது கிழிந்த ஒரு பெண் குரங்கும் அதே நொடியில் நடுங்கும். ஓடுகள் கடகடவென்று ஆடும். அவள் தண்ணீர் குடித்தால் அது வாயைத் துடைத்துக்கொள்ளும். தெருவில் யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியப்பட்டது ஆரம்ப சுகாதார நிலையம்தான். இந்தப் பக்கத்தில் மலேரியா ஒழிந்தாகிவிட்டது, குரங்குக்கு வருவது மனுஷனுக்கு வர விதி இல்லை என்று சொல்லி, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். ஓட்டு வீட்டோடு நிற்கிற வரைக்கும் அதற்குப் பெயர் வெறும் உடம்பு வலி.

புகழ்வேந்தன் தானே வைத்தியம் கண்டுபிடித்தார். குரங்குகளைக் கூண்டில் பிடித்து, டாடா ஏசில் ஏற்றி, காட்டேரிக்குப்பத்தில் கொட்டிவிட்டு வந்தார். போன வருஷம் காட்டேரிக்குப்பத்தார் இங்கே கொட்டிய குரங்குகளும் அதில் இருந்தன. இந்த வட்டாரத்தில் குரங்கு ஒழிப்பு இப்படித்தான் நடக்கிறது. வண்டி கிளம்பியதும் காய்ச்சல்காரர்கள் பாயை விட்டு ஒரு முழம் எழும்பி, அது போன திசையில் மிதந்தார்கள். உஷாராணியை அவள் புருஷன் நடேசன் மாட்டுக்கயிற்றால் தூணில் கட்டினான். கயிறு விறைத்து நின்றது; விழுங்கிய மாத்திரை எதுவும் உடம்பில் தங்கவில்லை. அடுத்த வீட்டுத் தனக்கொடியைக் கட்ட ஆள் இல்லை. போனவள் போனவள்தான். அவள் பேரை இதுவரை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நடேசன் காட்டேரிக்குப்பம் ரோட்டில் போவதை டீக்கடையிலிருந்து புகழ்வேந்தன் பார்த்தார்.

"இன்னாடா நடேசா, மச்சினிச்சிக்கு சீர் எடுத்துனு போறியா?"

"ஆமாங்க. நீங்க வண்டி வச்சி அனுப்பிட்டீங்க. கூட்டியாற நான்தான போவணும்."

கடையே சிரித்தது. சாயங்காலம் காது கிழிந்த குரங்கு கேரியரில் உட்கார்ந்து திரும்பி வந்தது. அது கூரையேறியதும் கயிறு தொய்ந்தது. உஷாராணி பாயில் இறங்கினாள். அதற்குப் பிறகு டவுன் ஆஸ்பத்திரி மருந்து அவளிடம் நின்றது.

கொசுக்களை யாரும் டாடா ஏசில் ஏற்றவில்லை. ஐப்பசி மழை விட்டதும் புகழ்வேந்தனின் மகள் சரண்யா ஏசி அறையில் நடுங்கினாள். பிறகு எழும்பி, காட்டேரிக்குப்பம் பார்த்த வடக்கு ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றாள். சுகாதார நிலையம் அன்றைக்கே கொசுப்புகை அடிக்கும் வண்டியோடு வந்தது. மலேரியா என்ற சொல் அவர்களுக்கு உடனே வாயில் வந்தது. பட்டுச் சேலையால் அவளைக் கட்டிலோடு கட்டினார்கள். மருந்துதான் நிற்கவில்லை.

மறுநாள் காட்டேரிக்குப்பம் ஏரிக்கரையில், வேட்டி சேற்றில் புரள, ஒரு தார் வாழைப்பழத்தோடு புகழ்வேந்தன் நின்றார். அக்கம்பக்கத்தில் வேறு சிலரும் ஆளுக்கொரு சீப்போடு மரத்தைப் பார்த்து நின்றதால் அவரை யாரும் கவனிக்கவில்லை. பொழுது சாய, சரண்யா நடுங்கும் நேரத்துக்குச் சரியாக, புளியமரத்தில் ஒரு கிழட்டுக் குரங்கு நடுங்க ஆரம்பித்தது.

"வாம்மா," என்றார், பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில். "நம்ம வூட்டுக்குப் போலாம்."

அது இறங்கி வந்து காரின் முன்சீட்டில் உட்கார்ந்தது. அதற்குக் குளிருமே என்று, அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.