இரண்டாவது எண்

பாலகுருவின் இடது மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த தடம் இருந்தது. துணியால் கட்டி அவிழ்த்த தடம். பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு அவனுக்கு மிஞ்சியது அந்தக் கைதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் வலியென்றாலும் அதைத்தான் தூக்குவான்.

அவன் மனைவி மாரிசெல்வி உடனே சாத்தூர் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். பகலில் பாலகுருவைக் கவனிக்க ஆள் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

"நீங்க சொன்னது வெளிய தெரியாதும்மா. நாளைக்கு மேனேஜர் ஒங்களைக் கூப்பிடுவாரு," என்றாள் அங்கிருந்த பெண்.

மறுநாள் நாரணாபுரம் பட்டாசு ஆலை வாசலில் வழக்கம்போலப் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் போன் கூடாது. திரி வைக்கையில் மனம் லேசாக இருந்தது. சொல்லியாயிற்று, இனி யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற லேசு. அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது, நிறுவனம் அனுப்பிய இசக்கிப்பாண்டி பாலகுருவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். இதுவரை செய்ததில்லை.

"வாங்கக்கா. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாக. ஒங்க போனை எடுக்கலையாம்."

"அதுக்கு?"

"ரெண்டாவது நம்பர்னு என் நம்பரைத்தான குடுத்திருக்கீக. என்னமோ புகாராம்ல." கத்தி தொண்டையருகே நிதானமாக ஏறியது. "எல்லாம் பேசியாச்சு, அக்காவுக்கு இப்பத் திருப்திதான்னு சொன்னேன். மேனேஜரு புகாரை முடிச்சுவிட்டாரு."

அந்த எண்ணைக் கொடுத்தவள் அவள்தான். பகலெல்லாம் தன் போன் ஆலை வாசலில் கிடக்கும். அவனோ பாலகுருவின் பக்கத்திலேயே இருப்பவன்.

அவள் கணவனிடம் குனிந்தாள். "ஒங்களை நல்லாப் பாத்துக்கிடுறானா?"

பாலகுருவின் பார்வை முதலில் இசக்கிப்பாண்டியிடம் போனது. பிறகுதான் ஆமாமென்று கண்ணை மூடித் திறந்தான்.

ஆபீசுக்குப் போன் செய்தாள். மூடிவிட்டிருந்தார்கள்.

காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே ஆலை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இசக்கிப்பாண்டி அவளுடைய தூக்குச்சட்டியை நீட்டினான்.

"ஏறுங்கக்கா. தீபாவளி லோடு நிக்குது. போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாக."

அவள் வாங்கவில்லை. வேன் சத்தம் தேயும்வரை பாலகுருவின் இடக்கையைப் பிடித்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றொரு கையில் போன் இருந்தது.

இசக்கிப்பாண்டி சட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"ஆபீஸ் தெறக்கட்டும், பேசுங்க. சீசன்ல அம்புட்டுப் பேரும் பட்டாசுக்குப் போயாச்சு. இந்த வேலைக்கு நான்தான் மிச்சம்." காலை நீட்டினான். "எத்தனை நாளைக்குக்கா இப்பிடி ஒக்காந்திருப்பீக?"